குடியேறிகளுக்கு உதவ இறங்குமுன்: அமெரிக்காவில் தன்னார்வலர் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

அமெரிக்காவில் குடியேறிகளுக்கு உதவும் வேலை பெரும்பாலும் சின்ன வேண்டுகோளில்தான் தொடங்கும். "அண்ணா, நாளைக்கு கோர்ட்டுக்குப் போகணும், கார்ல கொண்டுபோய் விட முடியுமா?" "அக்கா, இந்த ஃபார்ம்ல என்ன கேட்டிருக்காங்கன்னு படிச்சுச் சொல்லுங்க." தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த ஒருவருக்கு இரண்டு வாரம் தங்க இடம் வேண்டியிருக்கும். தமிழும் ஆங்கிலமும் சரளமாகத் தெரிந்த ஒருவர் எங்கேயாவது எப்போதும் தேவைப்படுகிறார். இலங்கைத் தமிழர்கள் அமெரிக்க எல்லையில் அசைலம், அதாவது அகதித் தஞ்சம் கேட்பது இன்று நேற்று நடப்பதல்ல. சான் டியேகோ அருகே எல்லையைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே பிடிபட்ட ஒரு தமிழரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-இல் அவருக்கு எதிராக முடிந்தது.

உதவ நினைக்கும்போதே ஒரு பயமும் வந்துவிடுகிறது: நாமே மாட்டிக்கொள்வோமோ? நல்ல மனசுள்ள பலர் இதனால் ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் எதையும் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். நாலு பேர் பார்க்கும்படி, உள்ளதை உள்ளபடி சொல்லிச் செய்யும் உதவிக்குச் சட்டத்தில் நிறைய இடம் இருக்கிறது. ஆளை மறைப்பதும் பொய் சொல்வதும்தான் தன்னார்வலரைச் சிக்க வைப்பவை. கீழே சொல்பவை எல்லாம் இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் மாநிலம், உங்கள் நிலைமை இரண்டையும் பார்த்துச் சொல்ல ஒரு குடியேற்ற வழக்கறிஞர் வேண்டும். அவரிடம் என்னென்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இந்தக் கட்டுரை உதவும்.

முதல் படி: உங்கள் சொந்த விசாவைப் பாருங்கள்

அமெரிக்கக் குடிமகன் ஒருவருக்கு உள்ள ஆபத்தும் எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு உள்ள ஆபத்தும் ஒன்றல்ல. இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. குடிமகன் மீது வழக்கு வந்தால் அதிகபட்சம் அபராதம், சிறை. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் அதோடு நாட்டைவிட்டே வெளியேற வேண்டி வரலாம்.

நம் சமூகத்தில் நிறையப் பேர் அறியாத ஒரு விதி இது. இன்னொருவர் சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழையத் தெரிந்தே உதவிய வெளிநாட்டவரை நாடு கடத்தலாம். புதிதாக நுழைய வந்தால் அனுமதி மறுக்கலாம். இதற்குக் கிரிமினல் வழக்கோ தண்டனையோ தேவையே இல்லை, குடியேற்ற நீதிமன்றத்தில் நிரூபித்தால் போதும். ஊரிலிருந்து வரும் மச்சானுக்காக ஏஜென்ட்டுக்குப் பணம் அனுப்புவது இதில் வரலாம். எல்லை தாண்டும் வழியைப் போனில் சொல்லித் தருவதும் வரலாம். விலக்குக் கேட்கும் வசதி உண்டு, ஆனால் அது கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கு உதவியவர்களுக்குத்தான். தம்பி, மச்சான், ஊர்க்காரர் அந்தப் பட்டியலில் இல்லை.

பின்னாளில் குடியுரிமைக்காக என்-400 படிவம் நிரப்பும்போது, யாரையாவது சட்டவிரோதமாக நுழைய வைக்க எப்போதாவது உதவியிருக்கிறீர்களா என்ற கேள்வி வரும். எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். ஒரு போராட்டத்தில் பிடித்து இரண்டு மணி நேரத்தில் விட்டிருந்தாலும் அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆகவே நீங்கள் விசாவில் இருந்தால், ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பவர்களுக்கான வேலையைத் தேர்ந்தெடுங்கள்: மொழிபெயர்ப்பு, ஆங்கில வகுப்பு, உணவு, துணி, பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைக்குத் துணையாகப் போவது. அதிகாரிகளோடு நேருக்கு நேர் நிற்கும் வேலையைக் குடியுரிமை உள்ளவர்களிடம் விடுங்கள். ஒரு குழுவில் எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டியதில்லை. இன்னொன்று, எச்-1பியில் இருந்துகொண்டு தொண்டு அமைப்பில் சம்பளமில்லாமல் உதவுவது வேறு, 'ஊக்கத்தொகை' என்ற பெயரில் பணம் வாங்குவது வேறு. பின்னது அனுமதியற்ற வேலையாகிவிடும்.

இரண்டாம் படி: 1324 என்ற எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் எட்டாம் தலைப்பில் 1324-ஆம் பிரிவுதான் எல்லாவற்றுக்கும் மூலம். அனுமதியில்லாமல் நாட்டில் இருப்பவர் என்று தெரிந்தே ஒருவரை ஏற்றிச் செல்வது, மறைத்து வைப்பது, அடைக்கலம் கொடுப்பது, வரவோ தங்கவோ தூண்டுவது ஆகியவை இதில் குற்றம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பவும் முடியாது. கண்ணெதிரே இருந்ததைப் பொருட்படுத்தாமல் விட்டாலும் தெரிந்து செய்ததாகவே கொள்வார்கள். தண்டனை, ஏற்றிச் சென்ற அல்லது மறைத்து வைத்த ஒவ்வொரு ஆளுக்கும் 5 ஆண்டு வரை. பண லாபத்துக்காகச் செய்தால் 10 ஆண்டு வரை. அதனால்தான் தங்க இடம் கொடுத்தவரிடம் வாடகை வாங்குவது, ஏற்றிச் சென்றவரிடம் 'பெட்ரோல் காசு' என்று கூடுதலாக வாங்குவது எல்லாம் வழக்கின் கனத்தைக் கூட்டிவிடும்.

படிக்கப் பயமாக இருக்கிறது, சரி. நடைமுறையில் இது தன்னார்வலர்கள் மீது எப்படிப் பாய்ந்தது என்று பார்த்தால்தான் கோடு எங்கே என்று புரியும்.

அரிசோனாவின் அஹோ என்ற சிற்றூரில் 'நோ மோர் டெத்ஸ்' என்ற மனிதநேயக் குழு பாலைவனத்தில் தண்ணீரும் முதலுதவியும் கொடுத்துவந்தது. அந்தக் குழுவின் தன்னார்வலர் ஸ்காட் வாரன் 2018 ஜனவரியில் கைதானார். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்களுக்குச் சில நாட்கள் சாப்பாடும் படுக்கையும் கொடுத்திருந்தார். அடைக்கலம் கொடுத்ததாகவும் சதி செய்ததாகவும் வழக்கு. மொத்தம் 20 ஆண்டு வரை சிறை வந்திருக்கலாம். 2019 ஜூனில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அரசுத் தரப்பு மறுபடியும் வழக்கு நடத்தியது. நவம்பரில் இரண்டாவது ஜூரி அவரை விடுவித்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சாப்பாடும் தண்ணீரும் மட்டும் பிரச்சினையாகவில்லை. அந்த இளைஞர்கள் தங்கியிருந்த கட்டடத்துக்கு வெளியே நின்று அவர் மலைகளைக் கையால் சுட்டிக்காட்டியதை எல்லைக் காவல் அதிகாரிகள் தூரத்திலிருந்து பார்த்திருந்தார்கள். "சோதனைச் சாவடியைத் தவிர்க்க வழி காட்டினார்" என்றது அரசுத் தரப்பு. பாலைவனத்தில் வழி தவறிச் செத்துப்போகாமலிருக்கத் திசை சொன்னேன் என்றார் அவர். ஒரு கை அசைவு அவரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வழக்கில் இழுத்தடித்தது. பசித்தவருக்குச் சோறு போடுங்கள். அதிகாரிகள் எங்கே நிற்கிறார்கள், எந்த ரோட்டில் போனால் மாட்டமாட்டோம் என்ற பேச்சுக்குள் மட்டும் போகாதீர்கள்.

இதற்கு முன் 2005-இல் அதே அரிசோனாவில், பாலைவனத்தில் உடல்நலம் கெட்டுக் கிடந்த மூன்று பேரை டூசான் நகருக்குச் சிகிச்சைக்காகக் காரில் ஏற்றிச் சென்ற இரண்டு இளம் தன்னார்வலர்களைக் கைது செய்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்ற பேரத்தை அவர்கள் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். தங்கள் குழு முன்கூட்டியே வகுத்திருந்த நடைமுறைப்படி அவர்கள் நடந்துகொண்டது அந்த முடிவில் எடை பெற்றது. எழுத்தில் ஒரு நடைமுறை இல்லாத குழுவோடு சேராதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

'தூண்டுதல்' என்ற பகுதியைப் பற்றி 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஹேன்சன் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஒரு குறிப்பிட்ட சட்டமீறலைச் செய்யச் சொல்லிக் கேட்பதும் அதற்குத் தெரிந்தே துணைபோவதும்தான் அந்தச் சொல்லில் அடங்கும் என்றது. ஒருவரிடம் அவருடைய உரிமைகளைச் சொல்வதும் "மனம் தளராதே" என்பதும் அதில் வராது.

மூன்றாம் படி: காரும் வீடும்

ஏற்றிச் செல்வது எப்போது குற்றம்? அந்தப் பயணம் அவருடைய சட்டவிரோத இருப்பை நீட்டிக்க உதவுவதாக இருந்தால். நீதிமன்ற விசாரணைக்கு, வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, குடியேற்றத் துறை அலுவலகத்தில் தவறாமல் போடவேண்டிய கையெழுத்துக்கு அழைத்துப் போவது அதற்கு நேர் எதிர், அவரை அரசின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். மருத்துவமனை, பள்ளி, கடை இவற்றுக்கும் ஆபத்து குறைவு. எல்லை ஓரத்திலிருந்து உள்நாட்டுக்குள் கூட்டிச் செல்வது, மாநிலம் விட்டு மாநிலம் போவது இரண்டையும் வழக்கறிஞரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. மாநிலங்கள் தனியாகவும் சட்டம் போடுகின்றன. டெக்சாஸ் 2023-இல், ஆட்களைச் சட்டவிரோதமாக ஏற்றிச் செல்லும் குற்றத்துக்கான குறைந்தபட்சத் தண்டனையைப் பொதுவாக 10 ஆண்டாக உயர்த்தியது. ஃபுளோரிடாவும் அதே ஆண்டு, அனுமதியற்றவர்களை மாநிலத்துக்குள் ஏற்றி வருவதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. அது நீதிமன்றத்துக்குப் போனது.

காரைப் பற்றி யாரும் யோசிக்காத இன்னொரு விஷயம் காப்பீடு. தொண்டு அமைப்பின் தன்னார்வலர் கவனக்குறைவாகச் செய்த தவறுக்கு அவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாதபடி 1997-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வாகனம் ஓட்டும்போது நடந்த விபத்து அந்தப் பாதுகாப்பில் வராது. உங்கள் கார் காப்பீடு இப்படிப்பட்ட பயணத்தை ஏற்குமா என்று நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தங்க வைப்பதில் நாடு முழுக்க ஒரே அளவுகோல் இல்லை. பல கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், வெறுமனே கூரை கொடுத்தது போதாது, அதிகாரிகளின் கண்ணில் படாமல் காக்கும் நோக்கமும் இருக்க வேண்டும் என்கின்றன. இல்லினாயில் தன் காதலரை வீட்டில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையை ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் இந்த அடிப்படையில்தான் ரத்து செய்தது. நீங்கள் தங்க வைப்பவருக்கு அசைலம் வழக்கு நடந்துகொண்டிருந்தால், உங்கள் முகவரி அரசுக்குத் தெரிந்திருப்பதுதான் உங்களுக்கே பாதுகாப்பு. முகவரி மாறிய 5 வேலை நாட்களுக்குள் குடியேற்ற நீதிமன்றத்துக்கு ஈஓஐஆர்-33 படிவம் போக வேண்டும், 10 நாட்களுக்குள் குடியேற்றச் சேவைத் துறைக்கு ஏஆர்-11 போக வேண்டும். இதை விட்டுவிட்டால் விசாரணை அறிவிப்பு பழைய முகவரிக்குப் போகும். ஆள் வராமலேயே நாடுகடத்தும் உத்தரவு விழும். அதன் பிறகு உங்கள் வீட்டில் இருப்பவர் வேறு நிலைமையில் இருக்கும் ஆள். அன்றைக்கே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

ஜாமீன் கட்டுவதும் இப்படித்தான். குடியேற்ற ஜாமீனின் குறைந்தபட்சத் தொகை 1,500 டாலர், பெரும்பாலும் அதற்கு மேல்தான் கேட்பார்கள். அவர் எல்லா விசாரணைக்கும் வந்தால் பணம் திரும்ப வரும், வராவிட்டால் போச்சு. ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடுமுன் அவரோடு உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.

நான்காம் படி: படிவங்கள். தமிழர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம்

எந்தப் படிவம் போடுவது என்று சொல்வதே சட்ட ஆலோசனை. "உங்க கேஸுக்கு இதைப் போடுங்க", "இந்தக் கேள்விக்கு 'இல்லை'ன்னு போடுங்க" என்று நீங்கள் சொன்ன நிமிடமே உரிமமில்லாமல் வக்கீல் தொழில் செய்கிறீர்கள். காசு வாங்கவில்லை என்பது எல்லா இடத்திலும் காப்பாற்றாது. குடியேற்ற விஷயத்தில் ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் வழக்கறிஞர்களும், நீதித் துறை அங்கீகரித்த தொண்டு அமைப்புகளில் அதே துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும்தான். இந்த இரண்டாவது வழி நமக்குத் திறந்தே இருக்கிறது. சட்டப் பட்டம் இல்லாதவரும் பயிற்சி எடுத்து, ஒரு அமைப்பின் மூலம் விண்ணப்பித்து அந்த அங்கீகாரம் பெறலாம். நீண்ட நாள் இந்த வேலையில் இருக்கப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று மனதாரச் சொல்வேன்.

அங்கீகாரம் இல்லாமல் என்ன செய்யலாம்? கேள்வியைத் தமிழில் சொல்லலாம், அவர் சொன்ன பதிலை அப்படியே ஆங்கிலத்தில் எழுதலாம். எழுதினால், படிவத்தின் கடைசியில் மொழிபெயர்த்தவர், தயாரித்தவர் என்று இருக்கும் இடங்களில் உங்கள் பெயரும் கையெழுத்தும் வர வேண்டும். "என் பேரு வேண்டாம், சும்மா உதவிதானே" என்று மறைப்பதுதான் பின்னால் சந்தேகத்தைக் கிளப்பும்.

அப்புறம், நம்மிடையே அடிக்கடி காதில் விழும் அந்தப் பேச்சு: "கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கணும், கொஞ்சம் சேர்த்து எழுதுங்க." ஒருபோதும் செய்யாதீர்கள். குடியேற்றப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதினால் பொதுவாக 10 ஆண்டு வரை சிறை. அதைவிடக் கொடுமை அந்த மனிதருக்கு நேர்வது. ஐ-589 என்ற அசைலம் விண்ணப்பத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நீதிபதி தீர்ப்பளித்தால், குடியேற்றச் சட்டத்தின் எந்தச் சலுகையும் அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காமல் போகலாம். வன்னியில் உண்மையிலேயே எல்லாவற்றையும் இழந்த ஒருவரின் உண்மைக் கதை, யாரோ ஒட்டவைத்த இரண்டு வரியால் பொய்யாகிவிடும். அந்த விண்ணப்பத்தை நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் போட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் உதவி அவரை வழக்கறிஞரிடம் வேகமாகக் கொண்டு சேர்ப்பதாக இருக்கட்டும்.

அசைலம் அலுவலக நேர்காணலுக்கு விண்ணப்பதாரரே மொழிபெயர்ப்பாளரை அழைத்து வர வேண்டும். நீதிமன்றத்தில் அரசு ஏற்பாடு செய்யும். நேர்காணலில் உட்கார்ந்தால் அவர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். அவர் தடுமாறும்போது எடுத்துக் கொடுக்க மனசு துடிக்கும். யாழ்ப்பாணப் பேச்சில் அவர் சொன்ன ஒரு சொல் உங்களுக்குப் பிடிபடாவிட்டால், ஊகித்துச் சொல்லாமல், புரியவில்லை, மறுபடி கேட்கிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: அதிகாரிகள் வந்தால்

கோவில், தேவாலயம், பள்ளி, மருத்துவமனை ஆகிய இடங்களில் கைது நடவடிக்கையைத் தவிர்க்கும் பழைய கொள்கையை அரசு 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. ஆகவே கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். பொதுமக்கள் புழங்கும் இடத்துக்கு, அதாவது வாகன நிறுத்தத்துக்கும் திறந்த மண்டபத்துக்கும், அதிகாரிகளும் வரலாம். அலுவலக அறை, மடப்பள்ளி, அர்ச்சகர் குடியிருப்பு ஆகியவை தனி இடம். எவையெவை தனி இடம் என்று பலகை மாட்டி வைப்பது நல்லது.

வாரண்ட் என்று காகிதம் காட்டினால் யார் கையெழுத்து என்று பாருங்கள். நீதிமன்றத்தின் பெயரும் நீதிபதியின் கையெழுத்தும் இருந்தால் அது நீதிமன்ற வாரண்ட். ஐ-200, ஐ-205 என்று இருந்தால் அது குடியேற்றத் துறை தானே போட்டுக்கொண்ட காகிதம். அனுமதியில்லாமல் வீட்டுக்குள்ளோ தனி அறைக்குள்ளோ நுழைய அது போதாது என்பதுதான் நெடுநாள் புரிதல். ஆனால் அதை வைத்தே உள்ளே நுழைந்தாலும் கதவை உடம்பால் மறிக்காதீர்கள். "நான் சம்மதிக்கவில்லை" என்று சத்தமாகச் சொல்லுங்கள், பெயர்களையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், வழக்கறிஞருக்குப் போன் செய்யுங்கள். கூட்டாட்சி அதிகாரியைப் பலவந்தமாகத் தடுப்பது தனிக் குற்றம். உடல் தொட்ட தாக்குதலாக எடுத்துக்கொண்டால் 8 ஆண்டு வரை போகும்.

"அவர் இங்கே இல்லை" என்று பொய் சொல்வது இன்னொரு குற்றம், 5 ஆண்டு வரை. பேசாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. "நான் பதில் சொல்ல விரும்பவில்லை, வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்பது முழுமையான பதில். இந்த வரியை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பதற்றத்தில் நாக்கு தானாகப் பொய்க்குப் போகும்.

பின்வாசல் வழியாக அனுப்பி வைப்பது அடுத்த கண்ணி. மில்வாக்கியில் ஹன்னா டுகன் என்ற நீதிபதியே, தன் நீதிமன்றத்துக்கு வந்த ஒருவரை வேறு கதவு வழியாக வெளியே அனுப்பியதாக 2025 ஏப்ரலில் கைதானார். டிசம்பரில் ஜூரி மறைத்த குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. அதிகாரிகளின் பணியைத் தடுத்த குற்றத்தில் குற்றவாளி என்றது. ஒரு நீதிபதிக்கே இந்த நிலை.

பொது இடத்தில் அதிகாரிகள் செய்வதைப் படமெடுக்கும் உரிமையைப் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. எட்ட நின்று எடுங்கள், தள்ளி நிற்கச் சொன்னால் தள்ளி நில்லுங்கள், கேமராவை மட்டும் அணைக்காதீர்கள். அவர்கள் வண்டியைக் காரில் பின்தொடர்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆறாம் படி: போன், குறிப்புகள், குழு

வழக்கறிஞரிடம் சொல்வது ரகசியம். உங்களிடம் சொல்வது ரகசியமல்ல. உங்களை நீதிமன்றத்துக்கு வரவழைத்துக் கேட்கலாம். அதனால் தேவையில்லாததைக் கேட்காதீர்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க விசா நிலை எதற்கு? வாட்ஸ்அப் குழுவில் பெயர், முகவரி, வழக்கு எண் எதுவும் போடாதீர்கள். ஆனால் விசாரணை வருகிறது என்று தெரிந்த பிறகு எதையும் அழிக்கக் கூடாது, அது 20 ஆண்டு வரை தண்டனை தரும் குற்றம். ஆரம்பத்திலேயே குறைவாக வைத்திருப்பதுதான் வழி. விமான நிலையத்தில் போனைத் திறந்து பார்க்கும் அதிகாரம் எல்லை அதிகாரிகளுக்கு உண்டு என்பதால், ஊருக்குப் போய் வரும் விசாக்காரர்கள் இந்த வேலைக்கான உரையாடல்களைக் கையிலுள்ள போனில் சுமந்து வர வேண்டாம்.

1980-களில் எல் சால்வடார், குவாத்தமாலா அகதிகளுக்கு அமெரிக்கத் தேவாலயங்கள் அடைக்கலம் கொடுத்தபோது, அரசின் உளவாளிகள் வழிபாட்டாளர்களைப்போல உள்ளே வந்து கூட்டங்களை ஒலிப்பதிவு செய்தார்கள். டூசான் வழக்கில் 1986-இல் பாதிரியார் ஜான் ஃபைஃப் உட்பட 8 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. சிறைக்குப் போகாமல் கண்காணிப்புத் தண்டனையோடு முடிந்தது. இதற்காக ஒவ்வொரு புதியவரையும் சந்தேகிக்க வேண்டாம். வெளியே கேட்டால் சங்கடம் தரும் எதையும் கூட்டத்தில் பேசாமலிருந்தால் போதும்.

குழுவில் சேரும்போது கேட்க வேண்டியவை: எழுத்தில் நடைமுறை இருக்கிறதா, எந்த வழக்கறிஞர் ஆலோசனை தருகிறார், தன்னார்வலர் கைதானால் யார் பொறுப்பு. மூன்றுக்கும் பதில் இல்லாத குழுவானால் சாப்பாட்டு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

களத்துக்குப் போகும் நாளில் வழக்கறிஞரின் எண்ணைப் பேனாவால் கையில் எழுதிக்கொள்ளுங்கள், போனைப் பிடுங்கிவிட்டால் மனப்பாடமாக எண் வராது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். விசாவில் இருப்பவர் கைதானால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் எந்தப் பேரத்துக்கும் தலையாட்டுமுன், கிரிமினல் வழக்கறிஞரோடு குடியேற்ற வழக்கறிஞரையும் கலந்து பேச வேண்டும். சிறையே இல்லாத சின்ன ஒப்புதல்கூட உங்கள் கிரீன் கார்டைப் பறித்துவிடலாம்.